மறைக்க எதுவும் இல்லாதவருக்கும் தனியுரிமை ஏன் வேண்டும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வில்லிவாக்கத்தில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் மருந்துக்கடைக்குச் சென்றிருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். அவருடைய தாயாருக்குச் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் வாங்க வேண்டியிருந்தது. பில் போடும் பெண் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "போன் நம்பர் சொல்லுங்க" என்றார். எங்களுக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றிருக்க, அண்ணன் பத்து இலக்கங்களையும் உரக்கச் சொன்னார். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது, தம் மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிப் பேச்செடுத்தவர், அருகில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தரகர் இரண்டு முறை கேட்டும் ஜாதகத்தைக் கொடுக்கவில்லை என்றும், அது கண்டவர் கைக்கும் போய்விடக் கூடாது என்றும் சொன்னார்.

இணையத்தில் தனியுரிமை பற்றி நான் எப்போது பேசினாலும் அவர் சொல்லும் பதில், "நம்மகிட்ட மறைக்க என்ன தம்பி இருக்கு?" என்பதுதான். அன்று அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, தனியுரிமையின் அருமை அவருக்கு நன்றாகவே தெரியும் என்பதை உணர்ந்தேன். ஜாதகம் யார் கைக்குப் போகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. போன் நம்பர் எங்கே போகிறது என்பது தெரியவில்லை. அந்தத் தெரியாத வழியைக் காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரகசியம் வேறு, தனியுரிமை வேறு

இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான விவாதங்கள் வழிதவறுகின்றன. இரகசியம் என்பது நாம் யாருக்கும் சொல்லாதது. தனியுரிமை என்பது, நாம் ஒருவரிடம் ஒரு காரணத்துக்காகச் சொன்ன செய்தி, அவரிடமே, அந்தக் காரணத்துக்காகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை. மருத்துவரிடம் நோயைச் சொல்கிறோம், ஆடிட்டரிடம் வருமானத்தைச் சொல்கிறோம், வீட்டு உரிமையாளரிடம் குடும்பத்தில் எத்தனை பேர் என்று சொல்கிறோம். இவற்றில் எதுவும் இரகசியமில்லை. ஆனால் மருத்துவரிடம் சொன்னது வீட்டு உரிமையாளருக்குத் தெரியவந்தால், நாம் தவறேதும் செய்யாதபோதும் நமக்கு ஏதோ ஒன்று பறிபோகிறது.

இந்த எதிர்பார்ப்பு நமக்குப் புதிதன்று. ஆதார் நகலை ஜெராக்ஸ் கடையில் எடுத்தவுடன், அதன் குறுக்கே கையெழுத்திட்டு, "சிம் கார்டு வாங்குவதற்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கொடுக்கும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உலகெங்கும் தனியுரிமைச் சட்டங்களின் அடிப்படையாக இருக்கும் கொள்கை அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது: எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். மறைக்க எதுவும் இல்லை என்று சொல்லும் நண்பரிடம் தனியுரிமை பற்றிப் பேச நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது என்பது என் அனுபவம். அவருக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றைத்தான் நாம் சொல்ல வருகிறோம்.

உதிரிப்பூவும் கட்டிய பூவும்

மயிலாப்பூர் மாடவீதியில் உதிரிப்பூ எடைக்குக் கிடைக்கும். கட்டிய பூ முழத்துக்குக் கிடைக்கும். பூ ஒன்றுதான். நாரில் தொடுத்தவுடன்தான் அது தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் ஏற்றதாகிறது, விலையும் கூடுகிறது. நம்மைப் பற்றிய தரவுகளும் அப்படிப்பட்டவையே. தரவு என்பது, நாம் செய்த ஒரு செயலைப் பற்றி எங்கோ பதிவாகும் சிறு குறிப்பு. மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கியது ஒரு குறிப்பு. செல்போனில் நகைக்கடன் வட்டியைத் தேடியது ஒரு குறிப்பு. கல்யாண மண்டப வாடகையைப் பார்த்தது, இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து வீடியோ பார்த்தது என ஒவ்வொன்றும் ஓர் உதிரிப்பூ. தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் பெரிய செய்தி இல்லை.

அவற்றை ஒரே நாரில் தொடுத்துப் பாருங்கள். வயதான, நோயுள்ள தாயாரை வீட்டில் வைத்துக்கொண்டு, மகள் திருமணத்துக்குப் பணம் புரட்ட நகையை அடகு வைக்க யோசித்து, தூக்கம் வராமல் தவிக்கும் ஒரு மனிதர் கண் முன்னே நிற்கிறார். அவர் தம் தம்பியிடம்கூடச் சொல்லாத கவலை அது. அதிக வட்டிக்குக் கடன் கொடுக்கும் செயலி ஒன்றுக்கு, இதைவிட ஏற்ற வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார்.

"தெருமுனை அண்ணாச்சிக்கும்தான் நாம என்ன வாங்குறோம்னு தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அண்ணாச்சியின் கணக்கு நோட்டில் மளிகை மட்டும்தான் இருக்கிறது. மருந்துக்கடை நோட்டும் அடகுக்கடை நோட்டும் அவரிடம் இல்லை. மேலும், அவர் நம்மை அறிந்திருப்பதைப் போலவே நாமும் அவரை அறிவோம். இணையத்தில் தெருவிலுள்ள எல்லாக் கடைகளின் நோட்டுகளையும் வாங்கி ஒன்றாகத் தைத்து விற்பதற்கென்றே தரவுத் தரகர்கள் என்ற தொழில் இருக்கிறது. அவர்களை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை.

சுருக்கமாகச் சொன்னால், தனித்தனிக் குறிப்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை. அவை தொடுக்கப்படுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. அடுத்து, தொடுக்கும் நார் எது என்று பார்க்கலாம்.

எந்த நார் நம்மைத் தொடுக்கிறது

முதல் நார் நம் போன் நம்பர். பெயர் பலருக்கு ஒன்றாக இருக்கலாம், முகவரி மாறலாம். ஆனால் வங்கிக்கும் ஆதாருக்கும் சமையல் எரிவாயு இணைப்புக்கும் ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டதால், பலர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அதை மாற்றுவதில்லை. மருந்துக்கடை ஒரு பட்டியலையும், துணிக்கடை வேறொரு பட்டியலையும் வைத்திருந்தாலும், இரண்டிலும் அதே பத்து இலக்கங்கள் இருந்தால் ஒரு நொடியில் அவற்றைச் சேர்த்துவிடலாம்.

இரண்டாவது நார் குக்கீ. தியாகராய நகரின் பெரிய துணிக்கடைகளில் நம் கைப்பையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுப்பார்கள். நம் பெயர் அவர்களுக்குத் தேவையில்லை. டோக்கன் எண்ணைப் பார்த்தே நம் பை எதுவென்று கண்டுபிடிப்பார்கள். ஓர் இணையதளம் நம் உலாவியில், அதாவது இணையப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளில், வைத்துவிட்டுப் போகும் அத்தகைய டோக்கனுக்குத்தான் குக்கீ என்று பெயர். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். வாடிக்கையாளர் இணையக் கடையில் எடுத்து வைத்த பொருள்களைக் கடை மறக்காமல் இருக்க வேண்டும் என்ற நல்ல தேவைக்காகவே அது பிறந்தது.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ரங்கநாதன் தெருவில் உள்ள அத்தனை கடைகளின் வாசலிலும் டோக்கன் கொடுப்பவர் ஒரே முதலாளியின் ஆள் என்றும், எல்லாக் கடைக்கும் ஒரே டோக்கன்தான் என்றும் வைத்துக்கொள்வோம். மாலைக்குள், நாம் எந்தக் கடையில் நுழைந்தோம், எங்கே நெடுநேரம் நின்றோம், எதைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பினோம் என்பதெல்லாம் அந்த முதலாளிக்குத் தெரிந்துவிடும். இணையத்தில் பல தளங்களுக்குள் விளம்பர நிறுவனங்கள் வைக்கும் குக்கீகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. செயலிகளில் இதே வேலையைச் செய்வது விளம்பர அடையாள எண். ஒவ்வொரு செல்போனுக்கும் தனியாக வழங்கப்படும், பல செயலிகள் படிக்கக்கூடிய நீண்ட டோக்கன் எண் அது.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் தரவைப் பகிர்கிறோம்" என்று நிறுவனங்கள் சொல்வது பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் லதன்யா ஸ்வீனி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று 2000-ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான மற்றொரு ஆய்வு, ஒருவர் எந்நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் கிடைத்தால், 95 விழுக்காட்டினரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்துவிடலாம் என்றது. இரவு தங்கும் வீடும் பகலில் வேலை செய்யும் இடமும் தெரிந்த பிறகு, பெயர் எதற்கு? அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார்: பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றும் இருந்தால் பெயரில்லாத ஜாதகம்கூட யாருடையது என்று சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா?

கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம்

இந்தத் தரவை யார், எப்படி வாங்குகிறார்கள் என்ற கேள்விக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விடியற்காலை ஏலம் உதவும். படகிலிருந்து இறக்கிய மீனைக் கூடையில் கொட்டியவுடன் வியாபாரிகள் சூழ்ந்து நின்று விலை கேட்கிறார்கள். அதிக விலை சொன்னவர் எடுத்துச் செல்கிறார். நாம் செய்தித்தளம் ஒன்றைத் திறக்கும்போது, பக்கம் முழுதாகத் தெரிவதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், இதே போன்ற ஏலம் கணினிகளுக்கு இடையே நடந்துமுடிகிறது. அங்கே கூடையில் இருப்பது நம் கவனம். இந்தச் செல்போன் வகை, இந்தப் பகுதி, இந்த வயது, அண்மையில் இவற்றைத் தேடியவர் என்ற விவரங்களுடன் ஏலம் விடப்படுகிறது. வென்றவரின் விளம்பரம் நமக்குத் தெரிகிறது.

ஒரு வேறுபாடு முக்கியமானது. காசிமேட்டில் ஏலத்தில் தோற்றவர் வெறுங்கையுடன் போகிறார். இணைய ஏலத்தில், கேட்டவர்கள் எல்லோருக்கும் நம் விவரம் முன்கூட்டியே அனுப்பப்பட்டுவிடுகிறது. தோற்றவரும் அதைப் பார்த்துவிட்டார். வாங்காதவர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் இருக்கிறாரா என்று சோதிக்க நமக்கு வழியில்லை. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் அநியாயமாகப் படுவது இதுதான்.

போன் நம் பேச்சைக் கேட்கிறதா

"குக்கர் வாங்கணும்னு வீட்ல பேசினோம், அடுத்த நாளே குக்கர் விளம்பரம் வருது" என்று சொல்லாதவர் இல்லை. செல்போன் ஒலிவாங்கி வழியாக ஒட்டுக்கேட்கிறது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி இரகசியமாக ஒலியைப் பதிவு செய்து அனுப்பியதற்கான சான்று கிடைக்கவில்லை. மாறாக, சில செயலிகள் திரையில் நாம் செய்வதைப் படமாகவும் காணொளியாகவும் எடுத்து வெளியாருக்கு அனுப்பியது தெரியவந்தது.

அப்படியென்றால் குக்கர் விளம்பரம் எப்படி வந்தது? பேச்சுக்குப் பிறகு வீட்டில் யாரோ ஒருவர் அதே வைஃபையில் குக்கர் விலையைத் தேடியிருக்கலாம். அல்லது பாத்திரக்கடையில் நின்றிருந்த நேரத்தை இருப்பிடப் பதிவு காட்டியிருக்கலாம். பொங்கல் நெருங்கும்போது நம் வயதுள்ள குடும்பத்தார் பலரும் பாத்திரம் வாங்குவார்கள் என்ற கணிப்பே போதுமானதாகவும் இருந்திருக்கலாம். நண்பரிடம் இந்த நம்பிக்கையைக் கேலி செய்யாமல் பொறுமையாகத் திருத்துவது அவசியம். ஒட்டுக்கேட்பது மட்டும்தான் ஆபத்து என்று நம்புகிறவர், ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மற்ற எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருப்பார்.

உறையின் மேல் எழுதியிருப்பது

வாட்ஸ்அப்பில் பூட்டுப் படம் இருப்பதால் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்பது மற்றொரு பொதுவான எண்ணம். அதில் பாதி சரி. 2016 முதல் அதில் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது. அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர, நடுவிலுள்ள நிறுவனமும் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்படுகிறது. அஞ்சலட்டையைத் தபால்காரர் படித்துவிடலாம், ஒட்டிய உறையைப் படிக்க முடியாது என்பது போன்றது அது. ஆனால் உறையின் மேல் அனுப்புநரும் பெறுநரும் முத்திரைத் தேதியும் இருக்கின்றனவே! செய்தியின் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, யார் யாருடன், எப்போது, எத்தனை முறை தொடர்புகொண்டார் என்ற இந்த வெளிக்குறிப்புகளை மெட்டாடேட்டா என்பார்கள்.

ஒரு பெண் காலையில் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்பில் 20 நிமிடம் பேசுகிறார்; உடனே வெளிநாட்டில் இருக்கும் தம்பியை அழைக்கிறார்; மாலையில் காப்பீட்டு நிறுவனத்தை அழைக்கிறார். என்ன பேசினார் என்று ஒரு சொல்கூட நமக்குத் தெரியாது. அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று ஊகிக்க அது தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நம்மை நம்பிக் கொடுத்தவர்கள்

இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் தலையாட்டினார். ஆனால் மனம் மாறியதாகத் தெரியவில்லை. அவரை மாற்றியது வேறொன்று. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எதைப் பயன்படுத்தியது என்று காட்டும் ஒரு பக்கம் இருக்கிறது. கடையில் கூட்டமில்லாத ஒரு மதிய நேரத்தில் அவருடைய செல்போனில் அதைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாள்காட்டிச் செயலி ஒன்று இருப்பிடத்தைப் பயன்படுத்தியிருந்தது. சூரிய உதய நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அதற்குக் காரணம் இருக்கலாம் என்று நானே சொன்னேன். அடுத்த வரியில் அதே செயலி தொடர்புப் பட்டியலையும் திறந்திருந்தது. விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, "ராகு காலம் சொல்றதுக்கு என் கான்டாக்ட்ஸ் எதுக்கு?" என்று கேட்டார்.

அந்தப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் எண்கள் இருந்தன. பலவற்றில் பெயரோடு தெருவையும், "வீட்டில் தனியாக இருக்கும் அம்மா, மாலையில் மட்டும் செல்க" போன்ற குறிப்புகளையும் அவர் எழுதி வைத்திருந்தார். மின்விசிறி பழுது பார்க்க வருபவருக்கு அது தேவையான தகவல். "என்னை நம்பிக் கொடுத்த நம்பர் தம்பி இது" என்று மட்டும் சொன்னார். தமக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பவரிடம்கூட, மற்றவர்கள் ஒப்படைத்த செய்திகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் திறந்துவிட நமக்கு என்ன உரிமை?

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் காட்டியது. ஃபேஸ்புக்கில் ஆளுமையைச் சோதிக்கும் செயலி ஒன்றின் வழியாக, அதை நிறுவியவர்களின் தரவோடு அவர்களுடைய நண்பர்களின் தரவும் எடுக்கப்பட்டு, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அந்த அரசியல் பிரச்சார நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. ஃபேஸ்புக் தந்த கணக்கின்படி இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். தரவு எடுக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் சுமார் 5,62,000 பேர். அந்த 335 பேரும் தங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று எண்ணியிருக்கலாம். மற்ற ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை யாரும் கேட்கவே இல்லை.

சட்டம் நம் பக்கம் எவ்வளவு

24.8.2017 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தரவைக் கேட்கும் நிறுவனம் எதற்காகக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும், கொடுத்த ஒப்புதலை நாம் திரும்பப் பெறலாம், தேவை முடிந்த தரவை அழிக்கச் சொல்லலாம் என்று அது கூறுகிறது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில், அதாவது தமிழிலும், படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்ற பிரிவு நம் பெற்றோருக்கு மிகவும் பயன்படக்கூடியது. அரசு அமைப்புகளுக்கு அச்சட்டம் அளிக்கும் விலக்குகள் மிக அகலமானவை என்ற விமர்சனத்தையும் சொல்லியாக வேண்டும். அது நியாயமானது என்றே நான் கருதுகிறேன். கடைகளைப் பொறுத்தவரை, பில் போடுவதற்குப் போன் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

நண்பரிடம் எங்கே தொடங்குவது

பயமுறுத்தித் தொடங்கக் கூடாது. "வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள்" என்று சொன்னால், குடும்பக் குழுவும் பள்ளிக் குழுவும் கடை ஆர்டரும் அதிலேயே இருக்கும் ஒருவர் நம் பேச்சையே விட்டுவிடுவார். அவர் எதைக் காக்க நினைக்கிறார் என்று கவனித்து, அதற்கு உதவும் ஒரு செயலை அவருடன் உட்கார்ந்து செய்து முடிப்பது நூறு அறிவுரைகளைவிட மேல். அண்ணன் விஷயத்தில் அது தொடர்புப் பட்டியல். அன்று மதியமே ஏழு செயலிகளுக்குக் கொடுத்திருந்த அனுமதியை நீக்கினோம். விளம்பர அடையாள எண்ணையும் அதே தனியுரிமைப் பகுதியில் அழித்தோம். ஆதார் நகல் கேட்கும் பல இடங்களில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலே போதும் என்பதும், அதை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம் என்பதும் அவருக்குப் புதிய செய்தியாக இருந்தன.

வயதானவர்களிடம் பேசும்போது மோசடி அழைப்புகளிலிருந்து தொடங்கலாம். காவல்துறை அதிகாரி போலப் பேசி, "உங்கள் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்று மிரட்டுபவர், நம் முழுப்பெயரையும் முகவரியையும் ஆதாரின் கடைசி இலக்கங்களையும் சரியாகச் சொல்வதால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். அவருக்கு அந்த நம்பகத்தன்மையைக் கொடுப்பது, எங்கெங்கோ சிந்திய உதிரிப்பூக்கள்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மகளின் ஜாதகத்தை அண்ணன் கடைசியில் தரகரிடம் கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன், வீட்டு முகவரியும் மகள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரும் இல்லாத புதிய தாளாகத் தட்டச்சு செய்து வாங்கி, அதன் ஓரத்தில் தரகரின் பெயரையும் தேதியையும் தாமே பேனாவால் எழுதினார். போன வாரம் அதே மருந்துக்கடையில் "போன் நம்பர் சொல்லுங்க" என்ற கேள்வி வந்தபோது, "நம்பர் வேண்டாம்மா, சும்மா பில் போடுங்க" என்றார். அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினார், பிறகு பத்து முறை ஒன்பதைத் தட்டினார். பில் வந்தது.